பெட்டியில் வந்த சரக்கும் சுங்கக் கணக்கும்

வெளிநாட்டுப் பொருளை உள்ளூர்க் கடையில் வாங்காமல் நேரே தருவித்துக்கொண்டால் காசு மிஞ்சுமா என்ற கேள்வி இந்தியாவில் நூறாண்டுக்கு மேல் பழையது. பதில் மட்டும் ஒரே மாதிரி இருந்ததில்லை. அந்த ஊரில் பொருள் மலிவு என்பதால் மட்டும் யாருக்கும் பெரிதாக மிச்சம் கிடைக்கவில்லை. இங்கே சுங்கவரி எவ்வளவு, அந்த வரியில் பயணிகளுக்கும் அஞ்சல் பொட்டலத்துக்கும் எவ்வளவு விலக்கு, ரூபாயின் மாற்று மதிப்பு என்ன என்ற மூன்றும் சேர்ந்தே ஒவ்வொரு காலத்திலும் கணக்கை முடித்தன.

பிரிட்டிஷ் ஆட்சியில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், சுங்கவரி ஒரு பொருட்டாகவே இல்லை. 1882-இல் ரிப்பன் ஆட்சியில் உப்பு, மது, ஆயுதம் போன்ற சிலவற்றைத் தவிர மற்றவற்றின் இறக்குமதி வரி நீக்கப்பட்டது. வெள்ளி விலை சரிந்து அரசின் வருவாய் முட்டுப்பட்டதால் 1894-இல் 5 விழுக்காட்டுப் பொதுவரி திரும்ப வந்தது. இவ்வளவு குறைந்த வரியில், லண்டன் விலைக்கும் சென்னை மவுண்ட் ரோட்டின் ஸ்பென்சர் கடை விலைக்கும் இடையில் நின்றது பெரும்பாலும் கப்பல் கூலியும் கடைக்காரரின் லாபமும்தான். அந்த லாபத்தைத் தவிர்க்க வெள்ளைக்கார அதிகாரிகளுக்கு ஒரு வழி இருந்தது. 1871-இல் லண்டனில் படை அதிகாரிகள் சிலர் சேர்ந்து தொடங்கிய ஆர்மி அண்ட் நேவி கூட்டுறவுச் சங்கம், உறுப்பினர்களுக்குத் தடிமனான விலைப்பட்டியலை அனுப்பிவந்தது. அதைப் பார்த்து உடை, மருந்து, துப்பாக்கி, மடக்குக் கட்டில் என்று எதையும் எழுதிக் கேட்கலாம். சூயஸ் கால்வாய் 1869-இல் திறந்த பிறகு கப்பல் வரும் நாளும் குறைந்திருந்தது.

இதில் மிச்சம் பிடித்தவர்கள் குறிப்பிட்ட ஒரு சாரார். மொத்தமாகப் பெட்டிக் கணக்கில் வாங்கக்கூடியவர்களுக்குக் கப்பல் கூலி பரவலாகி இறங்கியது. ஒற்றைப் பொருளைக் கேட்டவருக்கு அதே கூலி பொருளின் விலையைத் தொட்டது. அதைவிடப் பெரிய அடி நாணய மாற்றில் விழுந்தது. 1870-களின் தொடக்கத்தில் கிட்டத்தட்ட 2 ஷில்லிங் பெற்ற ரூபாய் 1890-களின் நடுவில் 1 ஷில்லிங் 1 பென்ஸ் அளவுக்கு இறங்கியது. லண்டனில் விலை மாறாத ஒரு பொருளுக்கு, ரூபாயில் சம்பளம் வாங்குபவர் ஒன்றரை மடங்குக்கு மேல் கொடுக்க வேண்டியிருந்தது. ஸ்டெர்லிங்கில் சேமிப்பு வைத்திருந்தவருக்கு அந்தக் கவலை இல்லை.

முதல் உலகப் போர் இந்த மலிவு வரிக் காலத்தை முடித்துவைத்தது. போர்ச் செலவுக்காகப் பொதுவரி 1916-இல் ஏழரை விழுக்காடாகவும், 1921-இல் 11 ஆகவும், 1922-இல் 15 ஆகவும், உலகப் பொருளாதார மந்தத்தின் நடுவே 1931-இல் 25 ஆகவும் ஏறியது. அப்போதும் எவரும் வரியைக் கட்டிப் பொருளை எடுத்துப்போகலாம். விடுதலைக்குப் பிறகுதான் அந்த வாசலே அடைபட்டது.

1947-இன் இறக்குமதி ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி வெளிநாட்டுச் சரக்கைக் கொண்டுவர உரிமம் வேண்டும். 1956, 57-இல் அன்னியச் செலாவணி வற்றியபோது, நுகர்பொருளுக்கு உரிமம் கிடைப்பது ஏறத்தாழ நின்றுபோனது. கைக்கடிகாரம், டிரான்சிஸ்டர், நைலான் சேலை, டேப் ரெக்கார்டர் போன்றவற்றை எந்த வரி கொடுத்தும் ஒரு வியாபாரி முறையாக இறக்கி விற்க முடியாத நிலை. கடையில் முறையான விலையே இல்லாத பொருளுக்குத் ‘தானே கொண்டுவந்தால் மிச்சமா’ என்ற கேள்விக்கே பொருளில்லை. கிடைத்தால் போதும் என்றிருந்தது. வெளிநாடு போய்வருபவரின் பெட்டி ஒன்றுதான் சட்டம் விட்டுவைத்த சந்து. 1962-இன் சுங்கச் சட்டம் 79-ஆம் பிரிவில், பயணி தனக்கோ குடும்பத்துக்கோ, அன்பளிப்பாகவோ நினைவுப்பொருளாகவோ நல்லெண்ணத்துடன் கொண்டுவரும் சாமான்களை ஒரு மதிப்பு வரை வரியின்றி விட வகைசெய்தது. இந்த ஒரு பிரிவின் மேல் பின்னால் ஒரு வணிகமே எழுந்தது.

தமிழ்நாட்டில் அந்த வணிகம் கப்பல் வழியாக வளர்ந்தது. சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் பினாங்கு, சிங்கப்பூருக்குப் போய்வந்த ‘ரஜூலா’ 1970-களின் தொடக்கம் வரை ஓடியது. அதன் பிறகு ‘சிதம்பரம்’ கப்பல் 1985 பிப்ரவரியில் தீப்பிடிக்கும் வரை அந்தத் தடத்தில் இருந்தது. 1819-இல் தொடங்கப்பட்ட நாள் முதல் சிங்கப்பூர் சுங்கமில்லாத் துறைமுகம். ஜப்பான் கடிகாரமும் ரேடியோவும் உலகில் மலிவாகக் கிடைத்த இடங்களில் அதுவும் ஒன்று. அமெரிக்காவிலிருந்து வரும் சாமானை விடச் சிங்கப்பூர்ச் சாமானுக்குக் கிராக்கி அதிகமாக இருந்ததற்கு வேறொரு காரணமும் உண்டு. அங்கேயும் இங்கேயும் 230 வோல்ட்டை ஒட்டிய மின்சாரம், ஒரே வகைத் தொலைக்காட்சி அலைமுறை. அமெரிக்கச் சாமானுக்கு 110 வோல்ட் டிரான்ஸ்பார்மர் தனியே வாங்க வேண்டும். அங்கே வாங்கிய டிவியோ இங்கே படமே காட்டாது.

ஊர் திரும்புபவரின் பெட்டியில் சீக்கோ கடிகாரம், நேஷனல் பானசோனிக் டூ-இன்-ஒன், கைலி, சென்ட், கோடாலித் தைலம் எல்லாம் இருக்கும். துறைமுகச் சோதனைக் கொட்டகையில் கயிற்றை அவிழ்த்துப் பெட்டியைத் திறப்பார்கள். அதிகாரி ஒவ்வொன்றாக எடுத்து மதிப்புப் போட்டு, விலக்குக்கு மேற்பட்டதற்கு வரி எழுதுவார். பார்த்து முடித்த பெட்டியின் மேல் சாக்பீஸால் ஒரு குறி விழும். பில் இருந்தாலும் அதிகாரி போடும் மதிப்புதான் செல்லும் என்பதால், விலையைக் குறைத்துப் போட்ட பில்லுக்குப் பெரிய பயன் இருந்ததில்லை. நிரந்தரமாக ஊர் திரும்புபவருக்குக் குடிபெயர்வுச் சலுகை என்று தனி விதி இருந்தது. வீட்டுச் சாமானைக் குறைந்த வரியிலோ வரியில்லாமலோ கொண்டுவரலாம்; அதை ஒருமுறை அனுபவித்துவிட்டார் என்று பாஸ்போர்ட்டிலேயே எழுதிவிடுவார்கள்.

இந்தச் சாமானில் உழைப்பாளி கண்ட மிச்சத்துக்குச் சுங்கக் கணக்கு மட்டும் காரணமில்லை. ரிசர்வ் வங்கியின் மாற்று விகிதம் வெளிச்சந்தை விகிதத்தை விடக் குறைவு. சம்பளத்தை வங்கி டிராப்டாக அனுப்பினால் குறைந்த ரூபாய்; அதே பணத்துக்குச் சாமான் வாங்கிவந்து இங்கே விற்றால் கூடுதல் ரூபாய். பலருக்குப் பெட்டி ஒரு பணவிடையாகவே பயன்பட்டது. கப்பலிலிருந்து இறங்கிய கையோடு சாமானை விற்றுவிட்டு ஊருக்கு ரயிலேறுவதும் நடந்தது.

வாங்கும் கை துறைமுகத்தின் எதிர்ச்சாரியிலேயே இருந்தது; அது அங்கே வந்த கதை பர்மாவில் தொடங்குகிறது. பர்மாவில் 1962-இல் நெ வின் ஆட்சியைப் பிடித்தார். 1963, 64-இல் வங்கிகளும் கடைகளும் அரசுடைமையாயின. 1964-இல் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாதவையாயின. தலைமுறைகளாக அங்கே கடை நடத்திய தமிழர்கள் ரங்கூன் துறைமுகத்தில் நகையையும் ரொக்கத்தையும் சுங்கத்தாரிடம் விட்டுவிட்டு வெறுங்கையோடு கப்பலேறினார்கள். அவர்களின் மறுவாழ்வுக்காகச் சென்னையில் கடற்கரை ரயில் நிலையத்தை ஒட்டி, துறைமுகத்துக்கு எதிரே, 1969-இல் சிறுகடை வரிசை ஒன்று அமைந்தது. ஒரு நாட்டின் சுங்கத்தில் எல்லாவற்றையும் இழந்தவர்களுக்கு, இன்னொரு நாட்டின் சுங்கத்தைத் தாண்டிவந்த சாமான்களே பிழைப்பாயின. பர்மா பஜார் என்ற பெயர் நிலைத்தது. அங்கே பர்மாப் பொருள் மட்டும் அரிது. முறையாக வரி கட்டி வந்தது, விலக்கில் வந்தது, கள்ளக்கடத்தலில் வந்தது எல்லாம் அங்கே ஒரே பலகையில் கிடந்தன.

பஜார்க் கடைக்காரருக்குச் சரக்கு தொடர்ந்து வேண்டும்; ஊர் திரும்புபவர்கள் எப்போதாவதுதான் வருவார்கள். இந்த இடைவெளியை நிரப்பியவர்களுக்குக் குருவிகள் என்று பெயர். விமானப் போக்குவரத்து பெருகியபின் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையில் பறந்துகொண்டே இருந்த இவர்கள், பயணச்சீட்டுக்கும் ஒரு கூலிக்கும் வேலை செய்தார்கள். சாமான் வியாபாரியுடையது, பாஸ்போர்ட்டும் அதிலுள்ள வரிவிலக்கும் குருவியுடையவை. வியாபாரி உண்மையில் வாடகைக்கு எடுத்தது அந்த விலக்கைத்தான். பிடிபட்டால் பெயர் கெடுவது குருவிக்கு, சரக்கு போவது வியாபாரிக்கு. அரசுக்கும் இது தெரியும். 1998-இன் பயணச் சாமான் விதிகள் மூன்று நாளுக்கு மேல் வெளிநாட்டில் தங்கியவருக்கு ஒரு விலக்கும், மூன்று நாளோ அதற்குக் குறைவாகவோ தங்கியவருக்கு அதில் பாதியைத் தாண்டாத விலக்கும் வைத்தன. போன வேகத்தில் திரும்புபவர் சுற்றுலாப் பயணி இல்லை என்பது அதன் உட்பொருள். குருவியின் பதில் எளிது: நான்காம் நாள் திரும்புவது. தங்கும் செலவு மட்டும் கணக்கில் ஏறியது.

பஜாரைத் தளரவைத்ததில் சோதனையைவிட வரிக்குறைப்பின் பங்கே பெரிது. 1991-இல் 150 விழுக்காடாக வரையறுக்கப்பட்ட உச்ச இறக்குமதி வரி 1995-இல் 50 ஆகவும், 2007-இல் 10 ஆகவும் இறங்கியது. அளவுக் கட்டுப்பாடு மீந்திருந்த கடைசி 715 பொருள்களும் 2001 ஏப்ரல் 1-இல் விடுவிக்கப்பட்டன. அதே கடிகாரமும் ரேடியோவும் உத்தரவாத அட்டையோடு பக்கத்துக் கடையில் கிடைக்கத் தொடங்கியதும், சிங்கப்பூர்ப் பெட்டிக்கு இருந்த மவுசு போய்விட்டது.

தங்கத்தின் கதை இதற்கு இணையாக ஓடினாலும் அளவில் மிகப் பெரியது. விடுதலைக்குப் பின் தங்க இறக்குமதி தடைப்பட்டிருந்தது; 1968-இன் தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் உள்நாட்டில் கட்டித் தங்கம் வைத்திருப்பதையும் தடுத்தது. உள்நாட்டு விலை உலக விலைக்கு மேல் நின்றதால், துபாயிலிருந்து 10 தோலா ‘பிஸ்கட்’டுகள், ஒவ்வொன்றும் 116.64 கிராம், படகில் வந்துகொண்டே இருந்தன. 1990-இல் அந்தச் சட்டம் நீக்கப்பட்டது. 1992 வரவு செலவுத் திட்டத்தில் மன்மோகன் சிங், வெளிநாட்டில் ஆறு மாதம் தங்கித் திரும்பும் இந்தியர் 5 கிலோ வரை தங்கம் கொண்டுவரலாம் என்று அறிவித்தார். 10 கிராமுக்கு 450 ரூபாய் வரி, அதையும் அன்னியச் செலாவணியில் கட்ட வேண்டும்.

இங்கேதான் ‘வரிக்குப் பிறகு மிச்சமா’ என்ற கேள்வி சுத்தமான கணக்காக நிற்கிறது. அப்போது உள்ளூரில் 10 கிராம் நாலாயிரத்துச் சொச்சம் ரூபாய். ஆக வரி ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. 5 கிலோவுக்கு வரி மட்டும் 2,25,000 ரூபாய். உலக விலையையும் இந்த வரியையும் கூட்டிய பிறகும் உள்ளூர் விலை மேலே நின்றவரை லாபம் உண்டு, நின்றது. ஆனால் வளைகுடாவில் கட்டட வேலை செய்தவரிடம் 5 கிலோவுக்குப் பணம் ஏது? ஆறு மாதத் தகுதி அவரிடம், முதல் வியாபாரியிடம். ஊருக்குப் போகும் தொழிலாளி அடுத்தவர் தங்கத்தைத் தன் பெயரில் அறிவித்து, வியாபாரி கொடுத்த டாலரில் வரியைக் கட்டி, வாசலில் ஒப்படைத்துவிட்டுக் கூலி வாங்கிக்கொள்வது வழக்கமாயிற்று. குருவி முறை அப்படியே சட்டத்துக்குள் வந்துவிட்டது. அரசும் ஒன்றை இழக்கவில்லை. கடத்தலில் மறைந்துபோயிருக்கும் டாலர் கருவூலத்துக்கு வந்தது. 1997-இல் குறிப்பிட்ட வங்கிகள் நேரடியாகத் தங்கம் இறக்குமதி செய்ய அனுமதி பெற்றதும் உள்ளூர் விலை உலக விலையோடு நெருங்கியது. பயணியின் கையில் மிஞ்சுவது சுருங்கியது.

அது மீண்டும் விரிந்ததும் அரசின் கையாலேயே. நடப்புக் கணக்குப் பற்றாக்குறையைக் கட்டுப்படுத்த 2012 தொடக்கத்தில் 2 விழுக்காடாக இருந்த தங்க வரி 2013 ஆகஸ்டில் 10 ஆயிற்று. வங்கிகளின் இறக்குமதிக்கும் முட்டுக்கட்டை விழுந்தது. வரி எல்லாருக்கும் ஒன்றுதான். ஆனால் சரக்குத் தட்டுப்பாட்டால் உள்ளூர் விலை வரியையும் தாண்டி ஏறியதால், முறையாக வரி கட்டிக் கொண்டுவந்தவருக்கும் கட்டுபடியானது. அதே ஆகஸ்டில் இன்னொரு வாசலும் சாத்தப்பட்டது. பாங்காக், சிங்கப்பூர், துபாய் போனவர்கள் தட்டைத்திரை டிவியை வரியில்லாமல் தூக்கிவருவது பெருகியிருந்தது. அப்போதைய விலக்கு 35,000 ரூபாய். அந்த விலைக்குள் டிவி வாங்கினால் வரி சுழியம். 2013 ஆகஸ்ட் 26 முதல் டிவிக்கு விலக்கு கிடையாது என்றாயிற்று. 35,000 ரூபாய் டிவிக்கு 36.05 விழுக்காட்டின்படி 12,617 ரூபாய் 50 காசு. விமானத்தில் அதற்குப் பிடிக்கும் இடமும், உடைந்துபோகும் பயமும், இங்கே செல்லாத உத்தரவாதமும் சேர்ந்தால் மிச்சம் என்று சொல்ல ஒன்றுமில்லை.

அஞ்சலில் தருவிப்பதற்கும் ஒரு விலக்கு நெடுநாள் இருந்தது. குறிப்பிட்ட மதிப்புக்குள் வரும் அன்பளிப்புப் பொட்டலத்துக்கு வரி இல்லை. பாட்டிக்குப் பேரன் அனுப்பும் ஸ்வெட்டரை மனத்தில் வைத்து எழுதிய விதி அது. 2010-களின் பிற்பகுதியில் சீன இணையக் கடைகள், இந்திய வாடிக்கையாளர் ஆணையிட்ட உடையையும் செருப்பையும் ‘அன்பளிப்பு’ என்று எழுதி ஒவ்வொரு பொட்டலமாக அனுப்பின. 2019 டிசம்பரில் உயிர்காக்கும் மருந்தும் ராக்கிக் கயிறும் தவிர மற்ற அன்பளிப்புக்கு விலக்கு நீக்கப்பட்டது.

அதன் பிறகு பொட்டலத்தின் கணக்கு கடுமையானது. 2020-களின் முற்பகுதியில் சொந்த உபயோகத்துக்கென அஞ்சலிலோ கூரியரிலோ வந்த 1,000 ரூபாய்ப் பொருளுக்கு அடிப்படைச் சுங்கம் 35 விழுக்காட்டில் 350 ரூபாய். அதன்மேல் பத்தில் ஒரு பங்கு சமூக நலக் கூடுதல் வரி 35 ரூபாய். ஆகக் கூடிய 1,385 ரூபாய்க்கு 28 விழுக்காடு ஐஜிஎஸ்டி 387 ரூபாய் 80 காசு. மொத்தம் 772 ரூபாய் 80 காசு, அதாவது 77.28 விழுக்காடு. வரிக்கு மேல் வரி விழும் இந்த அடுக்கைப் பலர் கவனிக்கவில்லை. 35-ஐயும் 28-ஐயும் கூட்டி 63 என்று நினைத்துவிட்டார்கள். அனுப்பும் கூலியும் பொருளின் மதிப்போடு சேர்ந்தே வரிக்கு உட்படும் என்பதும் அதே போல விட்டுப்போகிற ஒன்று. மூன்றில் ஒரு பங்கு மலிவாகக் கிடைத்த பொருள்கூட வாசலுக்கு வரும்போது உள்ளூர் விலையைத் தாண்டிவிட்டது. உள்ளூரில் கிடைக்காத உதிரிப்பாகம், புத்தகம், பழைய கேமராவின் லென்ஸ் போன்றவற்றைத் தேடுபவர் வேண்டுமானால் தருவிக்கலாம். அவருக்கு ஒப்பிட உள்ளூர் விலையே இல்லை.

பெட்டியில் வந்ததற்கு இவ்வளவு கொடுமை இருந்ததில்லை. 2016 விதிகளின்படி, நேபாளம், பூட்டான், மியான்மர் தவிர்த்த நாடுகளிலிருந்து திரும்பும் இந்தியருக்கு 50,000 ரூபாய் வரை விலக்கு இருந்தது. அதற்கு மேற்பட்ட தொகைக்கு மட்டும், கூடுதல் வரியையும் சேர்த்து 38.5 விழுக்காடு. 80,000 ரூபாய்க் கைப்பேசி ஒன்றைப் புதிதாக வாங்கிவந்தால், விலக்குப் போக 30,000 ரூபாய்க்கு வரி 11,550 ஆனது. கணவன் மனைவி இருவரின் விலக்கையும் சேர்த்து ஒரே பொருளுக்குக் காட்ட முடியாது. மடிக்கணினி ஒன்றுக்கு மட்டும், 18 வயது நிரம்பியவருக்கு, தனி விலக்கு. கைப்பேசிக்கு இங்கே 2017 வரை அடிப்படைச் சுங்கவரியே இல்லை. அந்த ஆண்டு 10 விழுக்காடாகத் தொடங்கி 2018-இல் 20 ஆயிற்று. துபாயிலிருந்து வருபவரிடம் போன் வாங்கிவரச் சொல்லும் பழக்கம் அந்த ஆண்டுகளில் வலுத்ததற்கு இதுவும் ஒரு காரணம். 2024 ஜூலையில் அது 15 ஆனது.

நகைக்கு இதே விதிகளில் தனிக் கணக்கு. ஓராண்டுக்கு மேல் வெளிநாட்டில் இருந்து திரும்பும் ஆண் 20 கிராம், பெண் 40 கிராம் கொண்டுவர முடிந்தது. ஆனால் ஆணுக்கு 50,000, பெண்ணுக்கு 1,00,000 ரூபாய் என்று மதிப்புக்கும் உச்சவரம்பு இருந்தது. விதி எழுதிய ஆண்டிலேயே 50,000 ரூபாய்க்கு 20 கிராம் நகை வராது. 2024-இல் சென்னையில் ஒரு பவுன் 50,000 ரூபாயைத் தாண்டியபோது, ஆண்களுக்கான விலக்கு 8 கிராம்கூட இல்லை என்றாகிவிட்டது. கட்டித் தங்கத்தின் கணக்கு அந்த ஆண்டு ஜூலையில் தலைகீழானது. 2022-இல் 15 விழுக்காடாக ஏற்றப்பட்ட வரி, 2024 ஜூலை 23-ஆம் நாள் வரவு செலவுத் திட்டத்தில் 6 ஆக இறக்கப்பட்டது. 70 லட்சம் ரூபாய் மதிப்புள்ள ஒரு கிலோவை மறைத்துக் கொண்டுவருபவர் ஏய்த்த வரி அதுவரை 10 லட்சத்து 50 ஆயிரம். மறுநாள் முதல் 4 லட்சத்து 20 ஆயிரம். பயணச்சீட்டும், கொண்டுவருபவரின் கூலியும், பிடிபட்டால் மொத்தமும் போகும் இழப்பும் இந்தத் தொகைக்குள்தான் அடங்க வேண்டும்.